ஜீரோ வாட்டுக்கும் கீழே

எங்கள் வீட்டு ரேழியில் முன்பெல்லாம் ஒரு ஜீரோ வாட் பல்பு இரவு முழுக்க எரியும். பச்சை நிறம், எலுமிச்சம்பழ அளவு. பெயர்தான் ஜீரோ, உண்மையில் அது ஏறத்தாழ 15 வாட் குடித்துக்கொண்டிருந்தது. பழைய மின்மீட்டர்கள் அதைக் கண்டுகொள்ளாததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது என்பார்கள். ரேழியைத் தாண்டி முற்றம் வரை போவதற்குள் அதன் வெளிச்சத்துக்கு மூச்சு வாங்கிவிடும். நான் இங்கே கொஞ்சிப் பேச நினைக்கும் ரேடியோக் கருவிகள் அந்த ஜீரோவுக்கும் கீழே இருப்பவை. 5 வாட், மனம் துணிந்தால் 1 வாட், இன்னும் துணிந்தால் அரை வாட். அந்தப் பச்சைப் பல்பின் பசியில் மூன்றில் ஒரு பங்கை ஒரு செம்புக் கம்பிக்கு ஊட்டிவிட்டு, வானம் முகம் கொடுக்கும் ஒரு மாலையில் காத்திருந்தால், ஜப்பானில் யாரோ ஒருவர் தலை நிமிர்த்திக் கேட்கிறார்.

கப்பல்களில் தந்திக்காரர்கள் இருந்த காலத்தில், நீளமாகப் பேச நேரமில்லாமல் மூன்றெழுத்துச் சுருக்கங்கள் வைத்துக்கொண்டார்கள். எல்லாம் கியூவில் தொடங்குபவை. ‘கியூஆர்ஓ’ என்றால் வலுவைக் கூட்டு. ‘கியூஆர்பி’ என்றால் வலுவைக் குறை. அதன் பின்னால் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டால், ‘குறைத்துக்கொள்ளட்டுமா?’ என்று பணிவாகக் கேட்பதாகிவிடும். அந்தப் பணிவையே பெயராகச் சூட்டிக்கொண்ட ஒரு கூட்டம் ஹாம் ரேடியோக்காரர்களுக்குள் உண்டு. பரீட்சை எழுதி வாங்கிய உரிமம் சில நூறு வாட் வரை இடம் கொடுத்தாலும், மோர்ஸில் 5 வாட், குரலில் 10 வாட் என்று தங்களுக்குத் தாங்களே கோடு கிழித்துக்கொண்டவர்கள். யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. உலகமெங்கும் ஹாம்கள் விடைபெறும்போது 73 என்று தட்டுவார்கள். வாழ்த்துகள் என்று பொருள். கியூஆர்பிக்காரர்கள் 72 என்று தட்டுகிறார்கள். வாழ்த்திலும் ஒன்றைக் குறைத்துக்கொண்டுவிட்டார்கள்! இந்தக் குறும்பை எத்தனை முறை கேட்டாலும் என் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து உட்காரும்.

இதை வீம்பு என்று நினைப்பவர்களுக்கு ஒரு அழகான கணக்கைக் காட்ட வேண்டும். வந்து சேரும் அலையின் பலத்தை ஹாம்கள் ‘எஸ்’ என்ற படிகளால் அளக்கிறார்கள். ஒன்று முதல் ஒன்பது வரை. ஒரு படி இறங்க வேண்டுமானால் அனுப்புகிறவரின் வலு நாலில் ஒரு பங்காகச் சுருங்க வேண்டும். 100 வாட் ஒன்பதாம் படியில் நிற்கிறது என்று வையுங்கள். 25 வாட் எட்டாம் படியில் நிற்கும். 6.25 வாட் ஏழில். 5 வாட் அதற்கு ஒரு நூல் கீழே. வலுவை இருபதில் ஒரு பங்காக வெட்டியாயிற்று. கேட்கிறவருக்கோ ஏறக்குறைய இரண்டே படி இறக்கம். மீதி 95 வாட்டும் சேர்ந்து வாங்கித் தந்தது அந்த இரண்டு படியைத்தான். கணக்கைப் புரிந்துகொண்ட அன்று, இத்தனை நாள் மாவு மில் மோட்டாரை வைத்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தோமோ என்று எனக்குத் தோன்றியது.

சரி, பெட்டியைத் திறப்போம். முதலில் கண்ணில் படுகிற அழகு காயில். குழந்தைகள் சொப்பு வைத்து விளையாடும்போது மெதுவடை சுட்டால் எந்த அளவில் இருக்கும், அந்த அளவில் ஒரு வளையம். இரும்புத் தூளை அழுத்திச் செய்து, மேலே மங்கலான சிவப்புப் பூசியது. டி50-2 என்று பெயர். 50 என்றால் குறுக்களவு அரை அங்குலம். அந்தச் சிவப்பு வெறும் ஒப்பனை இல்லை. 2 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையான அலைகளுக்கு ஏற்ற கலவை என்று சொல்லும் அடையாளம் அது. மஞ்சள் என்றால் வேறு கலவை. வண்ணத்தாலேயே குணத்தைச் சொல்லிவிடும் இந்தச் சிறு வளையங்களை உள்ளங்கையில் போட்டுக் குலுக்கினால் சோழிபோல் ஒலிக்கும்.

இதில் கம்பி சுற்றுவதற்கு மோட்டார் காயில் கட்டும் கடைக்குப் போக வேண்டும். அங்கே பெரிய பெரிய சுருள்களிலிருந்து எடைபோட்டுத் தரும் எனாமல் கம்பியில் நமக்கு வேண்டியது இரண்டு முழம்தான். கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சும்மாவே கொடுத்துவிடுவார். பிறகு சுற்று. பூ தொடுப்பதைப் போன்ற வேலை இது. கம்பியின் நுனியை வளையத்துக்குள் விட்டு, இழுத்து, இறுக்கி, மீண்டும் விட வேண்டும். முந்தைய சுற்றின் மேல் ஏறாமல், பக்கத்தில் ஒட்டாமல், நாகஸ்வரத்துக்குக் கட்டிய நூல்போல் ஒழுங்காக. எண்ணுவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கம்பி துளைக்குள் நுழைந்தாலே ஒரு சுற்று. வெளியே எத்தனை வளைவு தெரிகிறது என்று எண்ணினால் ஒன்று தவறும். இப்படி இருபது முறை நுழைத்தால் ஏறத்தாழ 2 மைக்ரோஹென்றி. அது கொஞ்சம் கூடவோ குறையவோ வேண்டும் என்றால் கம்பியை அவிழ்க்க வேண்டாம். சுற்றுகளை நகத்தால் நெருக்கினால் கூடும், விலக்கினால் குறையும். மிருதங்கக்காரர் தொப்பியில் ரவையை ஒட்டி, தட்டி, கொஞ்சம் வழித்து, மறுபடி தட்டிப் பதம் பார்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே பொறுமை, அதே சாய்ந்த தலை. ஏழு மெகாஹெர்ட்ஸ் அலையோடு ஒட்டிக்கொண்டு வரப் பார்க்கும் பதினான்கையும் இருபத்தொன்றையும் வாசலிலேயே நிறுத்துவது இப்படி நகத்தால் நீவிவிட்ட இரண்டு மூன்று வளையங்கள்தான்.

காயிலைச் சொன்ன வாய் பிக்ஸியைச் சொல்லாமல் மூடாது. தீப்பெட்டிகள் இரண்டைப் பக்கத்தில் வைத்தால் வரும் இடத்தில் முழு ரேடியோவும் முடிந்துவிடும். அனுப்பவும் செய்யும், கேட்கவும் செய்யும். உள்ளே பார்த்தால் டிரான்சிஸ்டர் இரண்டு, கிரிஸ்டல் ஒன்று, எல்எம்386 என்ற எட்டுக்கால் பூச்சி ஒன்று, மற்றபடி சில்லறை. சென்னை ரிட்சி தெருவில் ஒரு நடை போனால் பெரும்பாலும் எல்லாம் சட்டைப்பையில் வந்துவிடும். ஒன்பது வோல்ட் பேட்டரியில் அரை வாட்டுக்கும் குறைவாகத்தான் பேசும்.

அந்த இரண்டாவது டிரான்சிஸ்டரைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். முதலாவது, கிரிஸ்டலோடு சேர்ந்து ஓயாமல் நடுங்கிக்கொண்டிருக்கிறது. விநாடிக்கு எழுபது லட்சத்துச் சொச்சம் முறை. அந்த நடுக்கம் இரண்டாவதின் வாசலில் எப்போதும் காத்து நிற்கிறது. நீங்கள் மோர்ஸ் தட்டும் கீயை அழுத்தும்போது அந்த இரண்டாவதின் ஒரு கால் தரையைத் தொடுகிறது. உடனே அது எழுந்து நின்று நடுக்கத்தைப் பெருக்கி ஏரியலுக்கு அனுப்புகிறது. கையை எடுத்ததும் அதே டிரான்சிஸ்டர் காதாகிவிடுகிறது. ஏரியலிலிருந்து இறங்கி வரும் அன்னியத் துடிப்பையும் வீட்டுத் துடிப்பையும் தனக்குள் மோதவிடுகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் மிஞ்சுகிறது. எழுபது லட்சத்தில் எழுநூறு வித்தியாசம் என்றால், அந்த எழுநூறு நம் காதுக்கு எட்டும் ஒரு இனிய சுரம். எங்கிருந்தோ வந்த காற்று புல்லாங்குழலில் ஒற்றைத் துளையைத் திறந்ததுபோல. வாயும் செவியும் ஒரே உறுப்பு. ஒரே நேரத்தில் இரண்டாகவும் இருக்க அதற்கு முடியாது. பேசும்போது கேட்காது, கேட்கும்போது பேசாது. மனிதர்களில் இப்படி ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பிக்ஸியிடம் குறை இல்லாமல் இல்லை. அதற்குக் காது பொல்லாத காது. இருட்டியதும், பக்கத்து அலைகளில் உள்ள பெரிய ஒலிபரப்பு நிலையங்களெல்லாம் கேட்காமலே உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். மோர்ஸுக்காகக் காதைத் தீட்டி உட்கார்ந்தால் ஏதோ ஒரு மொழியில் செய்தி வாசிப்பார்கள். வீட்டுக்கு வருகிறவர்களிடம் இதை ஓர் அம்சமாகவே நான் சொல்லிக்கொள்கிறேன்.

இந்த ‘ஒன்றே இரண்டாக இருக்கும்’ நேர்த்தி, ஹைதராபாத்தில் ஒரு பெரிய வடிவம் எடுத்தது. அஷ்ஹர் ஃபர்ஹான் என்ற ஹாம், இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், ‘பிட்எக்ஸ்’ என்ற குரல்வழி ரேடியோவை வடிவமைத்து, படத்தையும் விளக்கத்தையும் யாரும் செய்துகொள்ளலாம் என்று உலகுக்குத் திறந்து வைத்தார். வெளிநாட்டுக் கடைகளில் மட்டும் கிடைக்கும் எதையும் அதில் வைக்கக் கூடாது என்பது அவர் பிடிவாதம். நம் ஊர்க் கடைத்தெருவில் கிடைப்பதை வைத்தே செய்ய வேண்டும். சிவப்பு மெதுவடைகள் கிடைக்கவில்லையா? குழாய்ச் சாமான் விற்கும் கடையில் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் வாஷர் கிடைக்குமே! அதில் கம்பியைச் சுற்றினார். சொட்டும் குழாயை அடைக்கப் பிறந்த ஒரு பிளாஸ்டிக் வளையம், அலைவரிசையைத் தீர்மானிக்கும் பீடத்தில் ஏறி உட்கார்ந்தது. அவர் விளக்கத்தில் இந்த ஓரிடத்தை நான் வாசிக்கும்போதெல்லாம் தாளை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருப்பேன்.

பிட்எக்ஸின் உள்ளமைப்பு இன்னும் வசீகரமானது. சாதாரண ரேடியோக்கள் பலவற்றில் கேட்பதற்கு ஒரு பாதை, பேசுவதற்கு ஒரு பாதை. இதில் பாதை ஒன்றுதான். விழுப்புரத்துக்குத் தெற்கே நெடுங்காலம் இருந்த ஒற்றை ரயில் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். அதே தண்டவாளம், காலையில் வடக்கே, மாலையில் தெற்கே. வழியில் ஒவ்வொரு பெருக்கியிடத்திலும் இரண்டு டிரான்சிஸ்டர்கள் முதுகோடு முதுகு ஒட்டி, எதிரெதிர்த் திசை பார்த்து நிற்கின்றன. பேசும்போது ஒரு திசைக்காரருக்கு மட்டும் மின்சாரம், கேட்கும்போது மற்றவருக்கு. நடுவில் பத்து மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல்கள் நான்கு வரிசையாக நின்று ஒரு சல்லடையாகின்றன. கம்ப்யூட்டர் பலகைகளில் போடும், சல்லிக்காசுக்குக் கிடைக்கும் கிரிஸ்டல்கள்தான். போகிற குரலும் வருகிற குரலும் அதே நான்கு படிகத் துண்டுகளின் இடுக்கில் நுழைந்துதான் ஆக வேண்டும். அந்தப் பத்தோடு நாலு மெகாஹெர்ட்ஸைக் கூட்டினால் பதினான்கு. கணக்குப் பிள்ளையின் பேரேடுபோல் எவ்வளவு சுத்தம் பாருங்கள்.

கடைசி வாசலில் நிற்கிற ஐஆர்எஃப்510 என்ற டிரான்சிஸ்டர் பற்றியும் ஒரு வார்த்தை. மின்சார சப்ளைப் பெட்டிகளில் சுவிட்சாக மாரடிப்பதற்கென்றே செய்யப்பட்ட தடித்த சீவன் அது. ரேடியோ அலையைப் பெருக்கும் நளினம் அதற்கு உண்டு என்று அதைச் செய்தவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். கல்யாணத்தில் பந்தல் கட்ட வந்தவரை மேடையேற்றிப் பாடச் சொன்னது போன்ற காரியம்; அவரும் ஆறு வாட் அழகாகப் பாடிவிட்டார். பின்னாளில் பிட்எக்ஸ் பலகைகள் தயார்நிலையில் விற்பனைக்கு வந்தபோது, அவற்றின் காயில்களை ஹைதராபாத்தில் பெண்கள் குழு ஒன்று கையால் சுற்றியது. என் நண்பரிடம் ஒரு பலகை இருக்கிறது. அதில் ஒரு காயிலின் கடைசிச் சுற்று மட்டும் கொஞ்சம் விலகி, பின்னலின் நுனிபோல் திரும்பியிருக்கும். யார் கை என்று தெரியாது. அவர் அதை நிமிர்த்தவே இல்லை.

இங்கிலாந்தில் ஜார்ஜ் டாப்ஸ் என்ற பாதிரியார் 1974இல் சிறு வாட்காரர்களுக்கு ஒரு சங்கம் தொடங்கினார். அதன் பத்திரிகைக்கு ‘ஸ்பிராட்’ என்று பெயர். ஆங்கிலத்தில் ஸ்பிராட் என்றால் நம் நெத்திலி போல ஒரு பொடிமீன். பெயரிலேயே எல்லாம் சொல்லியாகிவிட்டது. அந்த நாட்டிலும் அமெரிக்காவிலும் இந்த நெத்திலிகளைப் பெப்பர்மின்ட் மிட்டாய் வரும் தகர டப்பிகளில் குடிவைப்பார்கள். நம் பக்கத்தில் ஜியாமெட்ரி பாக்ஸ். கோணமானியும் கவராயமும் வாழ்ந்த வீட்டில் ரேடியோவைக் குடியேற்றுவதற்கு மூடியில் அச்சடித்த வாய்பாடு அழியாமல் துளைபோட வேண்டும். அது ஒரு தனிக் கலை. என்னுடைய டப்பாவில் பதினாறாம் வாய்பாட்டின் நடுவில் இயர்போன் துளை விழுந்துவிட்டது. அன்றிலிருந்து பதினாறேழு எனக்குச் சந்தேகம்தான்.

இனி அந்த ஒலி. மோர்ஸைப் புள்ளியும் கோடும் என்று சொல்வது, பாட்டைத் தாளில் பார்த்துவிட்டுக் கேட்டதாகச் சொல்வதைப் போன்றது. காதுக்கு அது ‘டிட்’, ‘டா’. டிட் ஒரு மாத்திரை என்றால் டா மூன்று மாத்திரை. எழுத்துக்குள் இருக்கும் இடைவெளி ஒரு மாத்திரை, எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே மூன்று, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஏழு. கண் இமைக்கும் நேரத்தாலும் விரல் நொடிக்கும் நேரத்தாலும் எழுத்தை அளந்த இலக்கணம் நம்முடையது. குறிலையும் நெடிலையும் காதால் பிரித்துப் பழகியவர்களுக்கு இது அன்னியமாக இருக்காது. இந்திய ஹாம்களின் வழக்கமான அழைப்புக்குறி வி, யு என்றே தொடங்கும். டி-டி-டி-டா, டி-டி-டா. மூன்று சிற்றடி, ஒரு நீட்டல். இரண்டு சிற்றடி, ஒரு நீட்டல். வாசலில் கொலுசு வந்து நிற்பதுபோல இருக்கும். ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

ஒவ்வொருவர் கைக்கும் ஒரு கைவாகு உண்டு. ஒருவர் டாவைக் கொஞ்சம் இழுப்பார். பேச்சிலும் இழுப்பவராகத்தான் இருப்பார். ஒருவர் சொற்களுக்கு நடுவே மூச்சு விடமாட்டார். இருபது வருடத்துக்கு முன்னால் கேட்ட ஒரு கையை மறுபடி கேட்டதும், அழைப்புக்குறி வருவதற்கு முன்பே அடையாளம் சொல்லும் பெரியவர்களை எனக்குத் தெரியும். 2013 ஜூலையில் தந்திச் சேவைக்கே நாடு விடைகொடுத்துவிட்டது. இந்தக் கைகள் மட்டும் இன்னும் தட்டிக்கொண்டிருக்கின்றன. ஐந்து வாட்டுக்கு மோர்ஸ் இவ்வளவு பொருந்துவதற்குக் காரணமும் இருக்கிறது. குரல் தன் வலுவை இரண்டு மூன்று கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குப் பரப்பி விரிக்கிறது. மோர்ஸ் அத்தனையையும் ஒற்றை இழையில் கோத்துவிடுகிறது. இரைச்சலுக்கு நடுவே அந்த ஒரு இழையைப் பிடித்துக்கொள்வதில் நம் காது மகா கெட்டிக்காரக் காது.

காதைவிடக் கெட்டிக்காரத்தனம் கம்ப்யூட்டருக்கு உண்டுதான். இயற்பியலில் 1993இல் நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லர், தானும் ஒரு ஹாம் என்பதால், ‘விஸ்பர்’ என்று ஒரு முறையை 2008இல் கொண்டுவந்தார். ஒரு அழைப்புக்குறி, இருக்குமிடம், வாட் அளவு, இந்த மூன்றை மட்டும் சொல்ல ஏறக்குறைய இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளும். அவ்வளவு நிதானமாக, அவ்வளவு மெல்லிசாக. காதில் சுத்தமாக ஒன்றும் கேட்காத ஆழத்திலிருந்து அதைக் கம்ப்யூட்டர் அள்ளிவிடும். ஐந்தில் ஒரு பங்கு வாட் கண்டம் தாண்டும். நான் அதை வியக்கிறேன். ஆனால் அதில் கை இல்லை. கை இல்லாததைக் கொஞ்ச எனக்குத் தெரியவில்லை.

மொட்டை மாடிக்கு வாருங்கள், கம்பியைக் காட்டுகிறேன். கிழக்கே தென்னையில் ஒரு நுனி, மேற்கே தண்ணீர்த் தொட்டிக் குழாயில் ஒரு நுனி, நடுவில் மூங்கில். இரண்டு பக்கமும் பத்துப் பத்து மீட்டர். ஏழு மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளத்தில் சரிபாதி. அவ்வளவுதான் ஏரியல். பக்கத்து வீட்டம்மா, “தம்பி, துணி காயப்போடத்தான் கட்டினீங்களா? உயரமா இருக்கே, எப்படி எட்டும்?” என்று கேட்டார்கள். எட்டாது, ஆனால் அது எட்டும் தூரம் அதிகம் என்று சொல்ல நினைத்து, “ரேடியோவுக்குங்க, அக்கா” என்றேன். செம்பு முதல் வருஷம் மினுக்கும். இரண்டாம் வருஷம் பழுப்பேறும். இப்போது வானத்தின் நிறத்தோடு கரைந்து, காகம் உட்கார்ந்தால்தான் அங்கே கம்பி இருக்கிறது என்றே தெரிகிறது. சில மாலைகளில் காகம் உட்கார்ந்திருக்கும்போதே தட்டுகிறேன். ஐந்து வாட் அதற்கு உறைக்காது.

பத்து மீட்டர் உயரத்தில் கட்டிய கம்பி பகலில் பெரும்பாலும் மேல்நோக்கியே பேசும். அலை செங்குத்தாக ஏறி, அயனமண்டலத்தில் பட்டு, பூவாளித் தண்ணீர்போலச் சுற்றுவட்டாரத்தில் இறங்கும். மதுரை கேட்கும், கோவை கேட்கும், கொழும்பு கேட்கும். தூரத்து விருந்தாளிகள் வருவதோ சந்தி வேளையில். அறுபது முதல் தொண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில், பகலெல்லாம் அலைகளை விழுங்கிக்கொண்டிருந்த ஒரு படலம் சூரியன் சாய்ந்ததும் சட்டென்று கலைகிறது. அதற்கு மேலே, இருநூற்றைம்பது முந்நூறு கிலோமீட்டரில் உள்ள படலம் அவ்வளவு சீக்கிரம் கலைவதில்லை. கீழே கதவு திறந்துவிட்டது, மேலே கண்ணாடி இன்னும் மாட்டியிருக்கிறது. விளக்கேற்றுகிற அந்த நேரத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், வெறும் இரைச்சலாக இருந்த இடத்தில் ஒவ்வொன்றாக முளைப்பதைக் கேட்கலாம். முதலில் ஒன்று, மிக மெல்லிசாக. பிறகு அதன் பக்கத்தில் இன்னொன்று. வானத்தில் நட்சத்திரம் எண்ணிப் பழகியவர்களுக்கு அந்த வரிசை தெரியும்.

தன் காதில் எப்படி விழுகிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் எண்களில் நான் மிகவும் நேசிப்பது 599 இல்லை. அது முழு மதிப்பெண்; போட்டி நாட்களில் கேட்காதவருக்கும் கேட்டவருக்கும் வாரி வழங்கப்படுவது. எனக்குப் பிடித்தது 339. முதல் 3, ‘சிரமப்பட்டுத்தான் புரிகிறது’. இரண்டாவது 3, ‘மெலிவாகத்தான் இருக்கிறாய்’. கடைசி 9, ‘ஆனால் உன் சுரம் சுத்தம்’. ஒருவர் காதைத் தீட்டி, முகத்தைச் சுளித்து, மூச்சைப் பிடித்துக் கேட்டால்தான் இப்படி ஒரு எண்ணைத் தர முடியும்.

போன ஐப்பசியில் எனக்கு ஒரு 339 கிடைத்தது. மழை விட்டிருந்த ஒரு மாலை. ஸ்கூட்டர் பேட்டரியில் நாலு வாட் கருவி. 7.030இல் உட்கார்ந்திருந்தேன், உலகத்துச் சிறு வாட்காரர்கள் கூடும் திண்ணை அது. ஆனால் தெரு முழுக்க எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர், யார் வீட்டிலோ இன்வெர்ட்டர். எல்லாம் சேர்ந்து ஹெட்போனில் ஈக்கூட்டம்போல் மொய்த்தன. அதற்குள் எந்த இழையைத் தேடுவது?

கரண்ட் போயிற்று.

தெருவே ‘அய்யோ’ என்றது. என் காதிலோ ஒரு திரை விழுந்ததுபோல் இருந்தது. இரைச்சல் அப்படியே உட்கார்ந்துவிட்டது. எங்கோ தொலைவில் இடியின் கடகடப்பு மட்டும், அம்மியில் மிளகாய் உருள்வதுபோல. அந்த நிசப்தத்தின் அடியில் நான் அழைத்துவிட்டுக் கையெடுத்தபோது, என் குறியின் முதல் மூன்று எழுத்தும் ஒரு கேள்விக்குறியும் திரும்பி வந்தன. மெதுவாக மறுபடி தட்டினேன். மறுபடியும் கேள்விக்குறி. மூன்றாம் முறை முழுக்குறியும் வந்தது. அவர் குறி ஜே.ஏ. என்று தொடங்கியது. ஜப்பான். ஆறாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். நிதானமான, வயதான கை. டாக்கள் சற்றே நீண்டிருந்தன. 339 என்றார், இரண்டு முறை சொன்னார். நான் நாலு வாட் என்று சொன்னேன். அவர் பக்கத்தில் சற்று நேரம் எதுவும் வரவில்லை. பிறகு ஒரே ஒரு எழுத்து வந்தது, ஆர். கிடைத்தது என்று பொருள். அப்புறம் மறுபடியும் அதே ஆர்.

அவர் விடைபெறத் தொடங்கிய சமயம் கரண்ட் வந்துவிட்டது. தெருப்பிள்ளைகள் ‘ஏ...’ என்று கூவினார்கள். ஈக்கூட்டம் முழுவதும் திரும்பி வந்து உட்கார்ந்தது. “ஏங்க, கரண்ட் வந்துடுச்சு, கீழ வாங்க, தோசை ஆறுது” என்று குரல். “மெயினைக் கொஞ்சம் அணைச்சுக்கட்டுமா?” என்றேன். “நம்ம வீட்டு மெயினை அணைச்சா தெரு அணைஞ்சிடுமா?” நியாயம்தான். இரண்டு கையாலும் ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். இரைச்சலுக்கு அடியில் டா-டா-டி-டி-டிட் தெரிந்தது. ஏழு. அடுத்த எண்ணில் முதல் இரண்டும் டிட், கடைசி இரண்டும் டா. நடுவில் இருந்தது டிட்டா, டாவா? டா என்றால் இரண்டு, டிட் என்றால் மூன்று. அந்த ஒரு மாத்திரைமேல் யாருடைய சார்ஜரோ ஏறி உட்கார்ந்துவிட்டது.

பதிவேட்டில் தேதி, நேரம், குறி, 339 எல்லாம் பேனாவில் எழுதினேன். கடைசிப் பத்தியில் 7 என்று மட்டும் பென்சிலால் எழுதி, பக்கத்தில் ஒரு எண்ணுக்கு இடம் விட்டிருக்கிறேன்.